துடைத்த அம்பு

ஆல்டர் கிரீக், வடக்கு மிச்சிகன்
அக்டோபர் 7, 1986

அன்புத் தங்கை ஐலிக்கு,

உன் அண்ணன் வில்ஹோ எழுதுவது. நான் சுகம். மரம் அறுக்கும் மில் வாங்கிக்கொண்ட காது மட்டும் திரும்பி வரவில்லை. போனில் நீ கத்துவது உன் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கேட்கிறது, ஆகவே கடிதம். மாப்பிள்ளை கிளென்னுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? அரிசோனா வெயில் அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டதா?

சனிக்கிழமை காலை நானும் நம் தம்பி மெல்வினும் வில்லை எடுத்துக்கொண்டு தேவதாருச் சதுப்புக்குப் போனோம். குடியை விட்ட இந்த ஒன்பது மாதத்தில் அவனுக்கு இதுதான் முதல் வேட்டை. ஏழரை மணிக்கு என் மரப் பரணுக்கு எதிரே ஒரு மான் வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு, இருபது கெஜத் தூரம். எய்தேன், பட்டது. அரை மணி கழித்து ரத்தத் தடத்தைப் பிடித்தோம். ரத்தம் சொட்டியிருந்த இடத்திலெல்லாம் கிளையில் காகிதத் துண்டு கட்டிக்கொண்டே போனோம். மெல்வின்தான் முன்னால். நூற்றைம்பது தப்படி தூரத்தில், விழுந்த மரத்தடியில் படுத்திருந்த மான் எழுந்து சதுப்புக்குள் ஓடிவிட்டது. அருகில் வேட்டையில் இருந்த லஹ்தி சகோதரர்கள் இருவரும் உதவிக்கு வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் மாலைவரை அலைந்தோம். மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை.

கோபத்தில் மெல்வினை நாலு வார்த்தை சொல்லிவிட்டேன். வில்லை என் டிரக்கில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். ஒன்பது மைல். இரண்டு நாளில் சரியாகிவிடுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வில்ஹோ


டூசான், அரிசோனா
அக்டோபர் 16, 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். கிளென் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். எனக்குக் குறை ஒன்றுமில்லை, இந்த ஊரில் இலை பழுப்பதில்லை என்பதைத் தவிர.

மெல்வினும் எழுதியிருந்தான். வேட்டையைப் பற்றி ஒன்றும் பெரிதாக இல்லை, பாதிக் கடிதம் அவன் பூனையைப் பற்றி.

அந்த நாலு வார்த்தை என்ன? நம் வீட்டில் நீ சொல்லும் நாலு வார்த்தை எப்போதும் நாற்பதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. அப்பா இருந்திருந்தால் முதலில் கேட்பது, “அம்பு எப்படி இருந்துச்சு?” என்பதுதான். உன் கடிதத்தில் மான் இருக்கிறது, மரம் இருக்கிறது, லஹ்திகள்கூட இருக்கிறார்கள். அம்பைக் காணோம். எங்கே பட்டது, அண்ணா?

பதில் எழுது.

ஐலி


ஆல்டர் கிரீக்
அக்டோபர் 27, 1986

ஐலிக்கு,

நலம். முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நாலாவது தலையணை வேண்டாமல் இருக்கட்டும்.

மானைத் துளைத்துக்கொண்டு போய்த் தரையில் கிடந்த அம்பை நான்தான் எடுத்தேன். நெஞ்சில் பட்டிருந்தது. இளஞ்சிவப்பு ரத்தம், நுரையோடு. நெஞ்சில் பட்டால் அரை மணி பொறுத்தால் போதும், மான் செத்திருக்கும். குடலில் பட்டால் சாயங்காலம்வரை கிட்டே போகக் கூடாது. இதை அரிசோனாவிலிருந்து நீ எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்வின் தடதடவென்று மிதித்துக்கொண்டு போனதால்தான் மான் எழுந்தது.

நாலாம் நாள் அண்டங்காக்கைகள் வட்டமிடுவதைப் பார்த்துப் போனேன். சதுப்புக்கு அந்தப் பக்கம், அரை மைலில் கிடந்தது. கறி கெட்டுப் போயிருந்தது. அம்பு எங்கே தைத்தது என்று பார்க்க நரிகள் மிச்சம் வைக்கவில்லை. ஒரு மானை வீணாக்கியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

நான் சொன்னது என்ன என்று கேட்டாய். மான் எழுந்து ஓடியபின் காகிதத்தைக் கட்டும்போது அவன் கை நடுங்கியது. “கை நடுங்குது பாரு. குடிச்சிட்டுத்தான வந்திருக்க? ஒரு குடிகாரனை நம்பித் தடம் பாக்க வந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்” என்றேன். லஹ்திகள் அப்போது பக்கத்தில் நின்றார்கள். அவன் காகிதத்தைக் கட்டி முடித்தான்.

போய்ச் சமாதானம் பண்ணு என்று நீ எழுதப்போகிறாய். அவசரப்படக் கூடாது, ஐலி. அடிபட்டதை உடனே துரத்தினால் எழுந்து இன்னும் தூரம் ஓடும். விட்டுவிட்டால் கிட்டேயே படுத்துக்கொள்ளும். மெல்வினையும் கொஞ்ச நாள் விட்டுவைக்கிறேன்.

வில்ஹோ


டூசான்
நவம்பர் 5, 1986

அண்ணாவுக்கு,

கிளென் பரவாயில்லை. நேற்று வாசல்வரை நடந்தார்.

அடிபட்ட மானை விட்டுவிட்டால் கிட்டேயே படுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான். படுத்துக்கொண்டு அது என்ன செய்யும்? சாகும். நீங்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்?

மெல்வின் மான் இல்லை. ஐம்பத்திரண்டு வயது ஆள், தனியாக ஒரு தகர வீட்டில் இருக்கிறான். குடியை விட்டவர்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனால் அங்கேயும் லஹ்திகளின் மச்சான் உட்கார்ந்திருப்பான். நீ சொன்னது ஊர் முழுக்கப் போயிருக்கும். ஒன்பது மைல்தான், அண்ணா. உன் டிரக் இன்னும் ஓடுகிறதல்லவா? ஏலக்காய் ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போ. வெறுங்கையோடு போக உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

ஐலி


ஆல்டர் கிரீக்
நவம்பர் 22, 1986

ஐலிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. துப்பாக்கி வேட்டை தொடங்கிவிட்டது, காடு முழுக்க வெளியூர்க்காரர்கள். நான் வில்லைத் தொடவே இல்லை.

நீ சொன்னபடி ரொட்டி வாங்கிக்கொண்டு இன்று காலை கிளம்பினேன். பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பார் உனக்கு நினைவிருக்கும். பத்து மணிக்கு அதன் வாசலில் மெல்வினின் டிரக் நின்றது. காலை பத்து மணிக்கு, ஐலி. எதிரே வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வெளியே வரவில்லை. நான் திரும்பிவிட்டேன்.

ஆக, நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. சந்தோஷத்தோடு எழுதவில்லை.

வில்ஹோ


டூசான்
நவம்பர் 30, 1986

அண்ணாவுக்கு,

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் இறங்கிக் கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே போக உனக்கு என்ன பயம்?

அவன் குடித்தாலும் போ. குடிக்காவிட்டாலும் போ. அவனிடம் சொல்ல உன்னிடம் ஏதாவது இருந்தால், அதை அவனிடம் சொல். இதற்குமேல் நான் எழுத முடியாது.

கிளென்னை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

ஐலி


ஆல்டர் கிரீக்
டிசம்பர் 27, 1986

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. பண்டிகை உங்களுக்கு நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை வீடு திரும்பிவிட்டாரா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியமே சௌனாவில், நம் ஆவிக் குளியல் அறையில், அடுப்பு மூட்டினேன். கல் நன்றாகக் காய்ந்தது. அப்பா காலத்திலிருந்து அன்றைய தினம் மெல்வின் வராமல் இருந்ததில்லை. நினைவில்லாமல் குடித்திருந்த வருஷங்களில்கூட யாராவது கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், நான் அவன் முதுகில் தண்ணீர் ஊற்றுவேன். இந்தத் தடவை இரண்டு துண்டும் இரண்டு வாளியும் எடுத்துவைத்தேன். அவன் வரவில்லை. தனியாகப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அழுதேன். உன் அண்ணனுக்கு அறுபத்தொரு வயது.

ஐலி, அம்பு நெஞ்சில் படவில்லை.

குடலில் பட்டது. நான் மரத்திலிருந்து இறங்கி எடுத்தபோது பச்சையும் பழுப்புமாகக் கசடு ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, அப்படி ஒரு நாற்றம். நாற்பது வருஷமாக நான் அப்படி எய்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் மெல்வின் ஒரு பெண்மானைக் குடலில் அடித்தான். அதைச் சொல்லி இன்றுவரை நான் ஊர் முன்னால் அவனைக் கிண்டல் செய்கிறேன். அவன் தன் மரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் அம்பைப் பாசியில் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்தேன். “எங்க பட்டுச்சுண்ணா?” என்று கேட்டான். “நெஞ்சுலடா. நல்ல ரத்தம்” என்றேன். என் சொல்லை நம்பித்தான் அரை மணியில் கிளம்பினான். மான் எழுந்ததற்குக் காரணம் நான். பழியை அவன் தலையில் போட்டேன். அவன் குடிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவ்வளவு பக்கத்தில் நின்றேன், வாடையே இல்லை.

காக்கை காட்டிய இடத்தில் போய்ப் பார்த்ததைப் பற்றியும் பொய்தான் எழுதினேன். துளை தெளிவாக இருந்தது, வயிற்றில்.

இதை அவனிடம் சொல்லிவிடுகிறேன். இங்கே மூன்று அடி பனி, பாதையில் பனி தள்ளுகிறவர்கள் மெதுவாக வருகிறார்கள். புது வருஷம் பிறந்து வானம் கொஞ்சம் வெளுத்ததும் போகிறேன்.

என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

வில்ஹோ


டூசான்
ஜனவரி 3, 1987

அண்ணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வேறெதையும் இதில் விசாரிக்கவில்லை.

என்னிடம் ஏன் சொன்னாய்? அவனிடம் போ. உடனே மெல்வினுக்குப் போன் போட்டேன். நல்லபடியாகத்தான் பேசினான், கிளென்னைக் கேட்டான். கொஞ்சம் மூச்சு வாங்கியது, பனி தள்ளிவிட்டு வந்தேன் என்றான். “அண்ணன் வந்தாராடா?” என்று கேட்டேன். “ரோடெல்லாம் பனி, அக்கா. வருவாரு” என்றான்.

வானம் வெளுக்கக் காத்திருக்காதே. இந்தக் கடிதத்தை மடித்துக்கூட வைக்காதே. அப்படியே மேஜையில் போட்டுவிட்டுப் போ.

ஐலி


ஆல்டர் கிரீக்
ஜனவரி 19, 1987

அன்பு ஐலிக்கு,

லஹ்தியின் மனைவி உனக்குப் போனில் சொன்னது வெறும் செய்திதான். மற்றதை நான் எழுத வேண்டும். கிளென்னை அந்த நிலையில் விட்டுவிட்டு நீ வர முடியாதென்று எல்லாருக்கும் தெரியும், அதற்காக வருந்தாதே.

உன் கடிதம் எட்டாம் தேதி வியாழக்கிழமை வந்தது. நீ சொன்னபடி மேஜையில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பாதை நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரமாகவே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வழி முழுக்க, சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இருபது நிமிஷத்தில் போய்விட்டேன், ஐலி.

வாசலில் பாதிவரைக்கும் பனி தள்ளியிருந்தது. மண்வாரி பனியில் செருகி நின்றது. அவன் உள்ளே நாற்காலியில், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தபடி. பூனை மடியில் இருந்தது. டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார், செவ்வாய்க்கிழமை நடந்திருக்கும் என்றார். நான் இரண்டு நாள் தாமதம்.

வீட்டில் ஒரு பாட்டில் இல்லை. அலமாரி, கட்டிலடி, டிரக், எல்லாவற்றிலும் தேடினேன். எதற்காகத் தேடினேன் என்று கேட்காதே. ஒன்றாவது கிடைத்துவிட்டால் எனக்கு மூச்சுவிட முடியும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்து ஆள் ஒருவர் வந்தார். இன்னும் ஒன்பது நாள் போயிருந்தால் ஒரு வருஷம் முடிந்திருக்கும், அதற்கு அவனுக்குக் கேக் சொல்லிவைத்திருந்தார்களாம். அந்த பார் முதலாளியும் அடக்கத்துக்கு வந்திருந்தார். நவம்பரில் அவர் கடையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டதாம். மெல்வின்தான் போய்ச் சரிசெய்திருக்கிறான். “ஒரு காபிதான் குடிச்சான், வில்ஹோ. நீ எதிர்ல வண்டியில இருக்கிறதை ஜன்னல் வழியா பாத்தான். வருவாருன்னு இன்னொரு கப் ஊத்தச் சொன்னான்” என்றார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். லஹ்தி சகோதரர்கள் முன்னால் போய் நின்று அம்பைப் பற்றிச் சொன்னேன். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும், எனக்குத்தான் என் சத்தத்தின் அளவு தெரிவதில்லையே. அவர்களில் பெரியவர் கப்பைக் கீழே வைத்தார். “இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றார். அவ்வளவுதான்.

பூனை என்னிடம் இருக்கிறது.

வில்ஹோ


டூசான்
பிப்ரவரி 20, 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். கிளென் தேறிவருகிறார், அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

அக்டோபரில் மெல்வின் பூனையைப் பற்றி எழுதியிருந்ததாக உனக்கு எழுதினேன். அது பொய். அவன் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், ஆனாலும் தபாலில் தொலைந்துவிடுமோ என்று பயந்து முக்கியமான இடத்தை இங்கே என் கையால் எடுத்தெழுதுகிறேன்:

“அக்கா, அண்ணன் அம்பைத் துடைத்துவிட்டார். பாசியில் துடைத்த இடம் பச்சையாகத் தெரிந்தது, நாற்றமும் இருந்தது. நெஞ்சு என்று அவர் சொன்னபோது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒன்பது மாதமும் என்னை ஆளாக மதித்து வாராவாரம் சாப்பிடக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான். அவரைப் போய் எப்படிப் பொய்யர் என்று சொல்வேன்? மான் எழுந்துவிடும் என்று தெரிந்தேதான் முன்னால் போனேன். கை நடுங்கியது அதனால்தான். அந்த மானுக்கு நானும் பாவம் செய்தேன். அப்புறம் அவர் அப்படிப் பேசுவார் என்று நினைக்கவில்லை. வலிக்கிறது அக்கா. ஆனால் நான் குடித்த காலத்தில் எத்தனை முறை என்னை மன்னித்தார், இந்த ஒன்றை நான் மன்னிக்க மாட்டேனா? எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே. நீ சொல்லி அவர் வந்தால் அது நீ அனுப்பியதாகிவிடும். அவராக வரட்டும். வருவார்.”

சொல்ல மாட்டேன் என்று பதில் எழுதினேன். அம்பு எங்கே பட்டது என்று உன்னைக் கேட்டது, சொல்ல ஏதாவது இருந்தால் சொல் என்று எழுதியது, அந்த வாக்கை மீறாமல் என்னால் முடிந்தது அவ்வளவுதான். “அவனுக்குத் தெரியும், உன்மேல் கோபமில்லை” என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ நவம்பரிலேயே அந்த பாரின் கதவைத் திறந்திருப்பாய். எனக்கு அது தெரியும். அவன் கேட்டதைச் செய்தேன், அவனை இழந்தேன். நீ காத்திருந்தாய் என்று உன்னைத் திட்டினேனே, நானும்தானே காத்திருந்தேன்.

இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ஐலி


ஆல்டர் கிரீக்
பிப்ரவரி 28, 1987

ஐலிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. இரண்டு நாள் உன்மேல் கடுங்கோபத்தில் இருந்தேன், மறைக்க மாட்டேன். சுவரைப் பார்த்துக்கூடக் கத்தினேன். மூன்றாம் நாள் தம்பியின் எழுத்தை மறுபடி படித்தேன். அவன் என்மேல் கோபமில்லாமல் போயிருக்கிறான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தாய். நான் காத்தது என் மானத்தை. இரண்டையும் சேர்த்து ஒரே தராசில் வைக்காதே, உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. எழுத மாட்டேன். எழுதித் தபாலில் போட்டு நீ என்ன சொல்வாயோ என்று பத்து நாள் உட்கார்ந்திருக்க இனி என்னால் ஆகாது.

பூனையை லஹ்தி வீட்டில் விட்டிருக்கிறேன். நாளைக் காலை பஸ். மூன்று நாள் பயணம் என்றார்கள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடலாம். வரட்டுமா என்று கேட்கவில்லை. உனக்குக் கதவைத் திறக்க மனம் வராவிட்டால் திறக்க வேண்டாம், வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அண்ணன்,
வில்ஹோ